தெரிந்து கேட்கும் வினா

நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பொதுவியலில் வரும் இந்தப் பகுதியை இளங்கலை மாணவர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பாடத்தில் இதைப்போல் எளிதான இடம் வேறில்லை. ஆசிரியர் தாம் அறிந்த பொருளை மாணவரிடம் கேட்பது அறிவினா. மாணவர் தாம் அறியாததை ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. மங்கிய ஒளியில் கிடப்பது பாம்பா கயிறா என்பது ஐய வினா. கடைக்காரரிடம் துவரம்பருப்பு இருக்கிறதா என்பது கொளல் வினா. மாற்றுத்துணி இல்லாதவரிடம் உடுத்த உடை இருக்கிறதா என்று கேட்டால், தருவதற்காகக் கேட்கிறோம். ஆகவே கொடை வினா. பிள்ளையிடம் 'படித்தாயா' என்று தாய் கேட்டால் 'படி' என்றே பொருள். அது ஏவல் வினா. அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்துவிடலாம்.

சென்ற ஆண்டு அப்படித் திறந்த வேளையில்தான் கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

"ஐயா, கிரிக்கெட்ல ஹவ்சாட்னு கத்துறாங்களே, அது இந்த ஆறுல எது?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். நல்ல கேள்வி என்றோம். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றோம். விடை தெரியாத ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சொற்கள் இவை. ஆனால் நமக்கு விடை தெரியும். எல்லா முறையீடுகளுக்கும் தெரியாவிட்டாலும், 1999ஆம் ஆண்டில் கேட்கப்பட்ட ஒரே ஒரு முறையீடு எவ்வகை வினா என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிவோம். அதை வகுப்பில் சொல்ல வாய் வரவில்லை.

கிரிக்கெட்டில் அதிகம் பழக்கமில்லாத இலக்கிய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு விதியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மட்டையாளர் விதிப்படி ஆட்டமிழந்திருந்தாலும், எதிரணியினர் யாரேனும் கேட்டாலொழிய நடுவர் அவரை 'அவுட்' என்று அறிவிக்கக் கூடாது. இன்றைய விதித் தொகுப்பில் இது 31ஆம் விதி. 2017க்கு முன் 27ஆம் விதியாக இருந்தது. எண் மாறியதே தவிரக் கருத்து மிகப் பழையது. 1744இல் எழுதப்பட்ட முதல் விதித் தொகுப்பிலேயே, ஆட்டக்காரர் எவரும் முறையிடாமல் நடுவர் ஒருவரை வெளியேற்றக் கூடாது என்று இருக்கிறது. கபடியிலும் கால்பந்திலும் நடுவர் தாம் கண்டதற்குத் தாமே விசில் ஊதுகிறார். கிரிக்கெட் நடுவரோ கண்டும் காணாதவர்போல் நிற்கக் கடமைப்பட்டவர். கேட்டால்தான் சொல்வார். 'ஹௌ ஈஸ் தட்' என்ற ஒரே கேள்வி எல்லா வகை ஆட்டமிழப்புக்கும் போதும். அடுத்த பந்தை வீச ஓடத் தொடங்குமுன் கேட்டுவிட வேண்டும். அதன்பின் கேட்டால் செல்லாது.

'அப்பீல்' என்பதை 'முறையீடு' என்று முதன்முதலில் எழுதிய பெயரறியா உதவி ஆசிரியரை வணங்கத் தோன்றுகிறது. முறை என்றால் நீதி. திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே கல்லில் நிற்கும் மனுநீதிச் சோழன் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் மன்னன் தானாக வீதிக்கு வந்து விசாரிக்கவில்லை. பசு வந்து மணியின் கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. கயிறு இழுபடும் வரை அரண்மனை அமைதியாகவே இருந்தது. நடுவரும் அப்படித்தான், அவருக்குமுன் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு தொங்குகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. பசு பொய்யாக மணி அடிக்காது.

கயிற்றை இழுக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2024 பிப்ரவரியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய இருபது ஓவர் ஆட்டம். அல்சாரி ஜோசப் ஓட்டத்துக்கு ஓடினார். எறியப்பட்ட பந்தைப் பிடித்து ஸ்பென்சர் ஜான்சன் குச்சிகளைத் தட்டினார். மட்டையாளர் கோட்டை எட்டவில்லை என்பது சிறிது நேரத்தில் மைதானத்தின் பெரிய திரையில் தெரிந்தது, ஆஸ்திரேலியர்கள் துள்ளினார்கள். நடுவர் ஜெரார்டு அபூடு, யாரும் முறையிடவில்லை, ஆகவே ஆட்டமிழப்பு இல்லை என்றார். நான் கேட்டேனே என்று டிம் டேவிட் வாதாடினார். பயனில்லை. ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்ட ஓர் உண்மை, கேட்கப்படாத காரணத்தால் உண்மையாகாமல் போயிற்று. ஆஸ்திரேலியர்கள் அன்று வென்றார்கள். ஆகவே அதிகம் வருந்தவில்லை.

ஓடம்போக்கி ஆற்றில் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் இப்படி ஒரு மறதி நிகழவே முடியாது. மேட்டூர் அணையை மூடியபின் பிப்ரவரிவாக்கில் ஆறு வறண்டுவிடும். ஜூன் மாதம் தண்ணீர் வரும் வரை வண்டல் இறுகிய ஓரங்கள் எங்களுக்கே சொந்தம். மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவரே நடுவர் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஆகவே நடுவரின் விடை எப்போதும் 'நாட் அவுட்'. கேட்பவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் பதினோரு தொண்டைகள் ஒரே நேரத்தில் கிழியும். எண்ணிக்கை ஏழாகவோ எட்டாகவோ இருந்தாலும் ஓசை பதினொன்றுக்குரியதாகவே இருக்கும். 'ஹவ்சாட்' என்பது ஒரு வினாத்தொடர் என்றோ, அதில் மூன்று சொற்கள் உள்ளன என்றோ பத்தாம் வகுப்பு வரை நாம் அறியவில்லை. அது ஓர் உறுமல். ஆற்றுப் பாலத்தில் போகும் பேருந்திலிருந்து தலைகள் திரும்பும் அளவுக்குக் கத்தினால் நடுவர் சற்று அசைவார், அசைந்தால் வாக்குவாதம், வாக்குவாதம் முற்றினால் 'மறுபால்'. இதுதான் எங்கள் நீதிமன்ற நடைமுறை. இலக்கணப்படி இது ஏவல் வினா என்பதில் தடையில்லை. கேட்கிறோம்; ஆனால் 'கொடு' என்பதே பொருள்.

பெரியவர்கள் ஆடுமிடத்திலும் இந்த உறுமல் குறைவதில்லை. 2001 நவம்பரில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவுடன் இந்தியா ஆடியபோது, அளவுக்கு மீறி முறையிட்டார்கள் என்பதற்காக ஆட்ட நெறியாளர் மைக் டென்னஸ், ஷேவாக், ஷிவ் சுந்தர் தாஸ், தீப் தாஸ்குப்தா, ஹர்பஜன் ஆகியோரைத் தண்டித்தார். ஷேவாக்குக்கு ஓர் ஆட்டத் தடை. சச்சின் மீது பந்தைப் பழுதாக்கிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டதால் நாடாளுமன்றம் வரை கொதித்தது. அந்தக் கொதிப்பில், கேள்வி கேட்பது எப்போது குற்றமாகிறது என்ற நுட்பமான ஒன்று அடிபட்டுப்போயிற்று. ஒருமுறை கேட்டால் வினா; நடுவரை நோக்கி ஓடிவந்து மூன்று முறை கேட்டால் மிரட்டல். சொல் ஒன்றே. இதற்கு நன்னூலில் நூற்பா இல்லை.

மிரட்டலே இல்லாமலும் ஒரு கேள்வி ஒருவர் வாழ்க்கையை மாற்றிவிடும். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். நமக்கு எட்டு வயது. சித்தப்பா வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வெற்றிக்கு 348 வேண்டும்; இந்தியா 347இல் நிற்கிறது. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்து. கிரெக் மேத்யூஸ் வீச, மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. கேள்வி எழுந்து முடியுமுன்பே நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்துவிட்டது. டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது சமநிலை முடிவு. பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் பிற்காலத்திலும் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு அதன்பின் வேறெந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. சித்தப்பா வானொலியை அணைத்துவிட்டு, "அந்த நேரத்துல எவன்டா கை தூக்குவான்" என்றார். நமக்கு அன்று அது சரியான கேள்வியாகப் பட்டது. இன்று வேறு விதமாகத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் மட்டும் கையைத் தூக்காமலிருக்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது? கேட்டார்கள், தாம் கண்டதைச் சொன்னார்.

இங்கே ஒரு சிறு குறிப்பு, இலக்கணம் படித்தவர்களின் மகிழ்ச்சிக்காக. விடையையும் நன்னூலார் எட்டாகப் பகுத்தார். அவற்றுள் முதலாவது சுட்டு விடை. நடுவர் உயர்த்துவதும் சுட்டுவிரலே. ஆனால் அது சுட்டு விடை அன்று; 'ஆம்' என்று உடன்படும் நேர்விடை. சுட்டுவிரலால் சொல்லப்படும் நேர்விடை என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு நாம் முழு மதிப்பெண் தருவோம்.

இனித் தள்ளிப்போட முடியாது.

1999இல் முதுகலை இரண்டாம் ஆண்டு. நாம் கல்லூரி அணியின் விக்கெட் கீப்பர். திறமையால் கிடைத்த இடம் என்று சொல்வதற்கில்லை; உட்கார்ந்து எழ வேறு எவரும் முன்வரவில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதி திருச்சியில் நடந்தது. கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம். பந்து நெஞ்சுவரை எழும்பும். எதிரணிக்கு 22 ஓட்டங்கள் தேவை; கையில் மூன்று விக்கெட்டுகள். ஆடிக்கொண்டிருந்தவர் 61 எடுத்திருந்தார். ஒல்லியான உடம்பு, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பாயின் ஓரத்தை மட்டையால் தட்டிச் சரிசெய்யும் பழக்கம். அவர் நின்றால் நாங்கள் ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பந்து காலுக்கு வெளியே இறங்கி எழுந்தது. அவர் திருப்பி அடிக்க முயன்றார். பந்து தொடைக்கவசத்தை உரசிக்கொண்டு நம் கையுறைக்குள் வந்து சேர்ந்தது.

கீப்பராக ஓராண்டு நின்றவர்களுக்கு ஓசைகள் தெரியும். மட்டையின் விளிம்பில் பட்டால் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு 'டிக்'. கவசத்தில் பட்டால் தலையணையைத் தட்டினாற்போல் மந்தமாக இருக்கும். அன்று வந்தது இரண்டாவது. கண்ணும் அதையே கண்டது. பந்து வீசிய நண்பருக்கும் ஐயமில்லை. வாய்ப்புப் போயிற்றே என்று தலையில் கைவைத்துத் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்லிப்பில் நின்றவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டது நாம். எம்பிக் குதித்து, பந்தை வானில் வீசிப் பிடித்து, ஓடம்போக்கியின் பாலம் வரை கேட்கும் குரலில் கேட்டோம். நாம் கேட்டபின்தான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

நடுவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வெள்ளைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி. இருபத்திரண்டு கெஜத்துக்கு அப்பால் நின்றார். அவர் பந்து வீச்சாளரைப் பார்க்கவில்லை; மட்டையாளரையும் பார்க்கவில்லை. நம்மைப் பார்த்தார். இரண்டு மூன்று நொடிகள் இருக்கும். நாம் கண்ணை எடுக்கவில்லை. விரல் உயர்ந்தது.

அந்தப் பார்வையின் பொருள் நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. தமக்குத் தெரியாத ஒன்றை அவர் தெரிந்தவனிடம் கேட்டார். மட்டைக்குப் பின்னால் மூன்றடியிலோ பத்தடியிலோ இருப்பவன் கீப்பர்; அவனைவிட நல்ல சாட்சி மைதானத்தில் இல்லை. நடுவர்கள் கீப்பரின் உடலைப் படிக்கிறார்கள்: அவன் துள்ளிக் கேட்கிறானா, சம்பிரதாயத்துக்காகக் கையைத் தூக்குகிறானா, பேசாமல் பந்தை எறிந்துவிட்டு மேலே போகிறானா என்று. ஆக, கீப்பர் கேட்பது வடிவத்தில்தான் வினா, உள்ளடக்கத்தில் சாட்சியம். வினாவுக்கு மெய்யும் பொய்யும் கிடையாது என்று வகுப்பில் நாமே சொல்கிறோம். 'மழை பெய்தது' என்றால் பொய்யாக இருக்கலாம். 'மழை பெய்ததா' என்பது எப்படிப் பொய்யாகும்? அந்த வசதிக்குள்தான் நாம் ஒளிந்துகொண்டோம். நாம் பொய் சொல்லவில்லை, கேட்டோம், அவ்வளவுதான். பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு, சொல்லவே இல்லை என்று நிற்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான வாக்கிய அமைப்பு எந்த மொழியிலும் இருக்க முடியாது.

மட்டையாளர் கத்தவில்லை. தொடையை ஒருமுறை பார்த்தார். கையுறைகளைக் கழற்றிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது, மெதுவாக, "தெரிஞ்சுதானே பாஸ் கேட்டீங்க?" என்றார்.

அதுவும் வினாதான். அவருக்கு விடை தெரியும். கேட்டது, நாம் சொல்கிறோமா என்று பார்க்க. நாம் காலுறைக் கவசத்தின் வாரை இழுத்துக் கட்டினோம், அது அவிழ்ந்திருக்கவில்லை.

ஆடுகளத்திலிருந்து ஷாமியானா வரை அவர் நடந்தார். விரைந்து நடக்கவில்லை. முறையீட்டைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது: எதிரணித் தலைவர் கேட்க வேண்டும், நடுவர் இசைய வேண்டும், ஆட்டமிழந்தவர் எல்லைக்கோட்டைக் கடப்பதற்குள் இது நடக்க வேண்டும். விதியின் சொற்கள் அன்று நமக்குத் தெரியாது என்று இங்கே எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் விஸ்வநாத்தின் கதை தெரியும். அதைச் சித்தப்பா சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்தோம்.

1980 பிப்ரவரி, பம்பாயில் பொன்விழா டெஸ்ட். குண்டப்பா விஸ்வநாத் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய இரண்டே டெஸ்ட்களில் அது இரண்டாவது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்த நிலையில் இயான் போத்தமும் பாப் டெய்லரும் சேர்ந்தார்கள். டெய்லர் கீப்பரிடம் பிடி கொடுத்ததாக நடுவர் ஹனுமந்த ராவ் விரலை உயர்த்தினார். டெய்லர் தயங்கினார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்கு மட்டையில் படவில்லை என்று தோன்றியது. நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார். அந்த இணை 171 ஓட்டங்கள் சேர்த்தது. போத்தம் சதம் அடித்தார், பதின்மூன்று விக்கெட்டுகளும் எடுத்தார். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. சித்தப்பா ஒவ்வொரு முறையும் தோல்வியைச் சொல்லித்தான் கதையை முடிப்பார். "தோத்தான்டா, தோத்துட்டான்" என்பார். குரலில் இருந்தது வருத்தமா பெருமிதமா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. டெய்லரும் ஒரு கீப்பர் என்பது நம்மை இப்போது கூடுதலாக உறுத்துகிறது.

நம் அணித்தலைவர் மிட்-ஆனில் நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது. இருபது எட்டு வைத்து அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மட்டையாளர் நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அதற்கு அவகாசம் இருந்தது. விதியை எழுதியவர்கள் அந்த நடையை எவ்வளவு யோசித்து விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வியக்கிறோம். களத்தின் நடுவிலிருந்து கயிறு வரை ஒருவன் நடக்கும் நேரம்; அதற்குள் மனம் மாறலாம். நாம் தோளில் தட்டிய கைகளை ஏற்றுக்கொண்டிருந்தோம்.

பதினோரு ஓட்டங்களில் வென்றோம். மதிப்பெண் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே நம் பெயர் இருக்கிறது. ஆண்டு மலரில் ஒரு புகைப்படமும் வந்தது. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருவர் அன்று ஷாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது யாரோ சொன்னார்கள். அந்நாளில் பல்கலைக்கழக அணியில் இடம் என்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலைக்கு ஒரு வாசல். 61 போதுமானதாக இருந்ததா, 83 இருந்தால் கிடைத்திருக்குமா, அவருக்கு அந்த வாசல் தேவையாகவே இருந்ததா, ஒன்றும் அறியோம். அவரைப் பிறகு நாம் பார்க்கவில்லை.

விதி வளைந்து கொடுத்த வேறு சில இடங்களையும் அதன்பின் நினைவில் சேர்த்துவைத்தோம். 1974இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், நாளின் கடைசிப் பந்து முடிந்ததென்று நடக்கத் தொடங்கிய காளிச்சரணை டோனி கிரெய்க் குச்சியைத் தகர்த்து வெளியேற்றினார். அன்றிரவே முறையீடு திரும்பப் பெறப்பட்டது. 142இல் போனவர் மறுநாள் வந்து 158 வரை ஆடினார். 2011இல் நாட்டிங்ஹாமில் தேநீர் இடைவேளை என்று எண்ணிக் கோட்டை விட்டு நகர்ந்த இயான் பெல்லுக்காகத் தோனி மனம் மாறினார். அந்தக் குச்சிகளைத் தட்டியவர் நம் அபினவ் முகுந்த். 2012இல் பிரிஸ்பேனில், பந்து வீசுமுன்பே கோட்டைத் தாண்டிய திரிமன்னேவை அஸ்வின் ஆட்டமிழக்கச் செய்தபோது, நடுவர்கள் ஷேவாக்கைக் கலந்தார்கள், முறையீடு கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் டெல்லியில், தலைக்கவசத்தின் வார் அறுந்து தாமதமான ஏஞ்சலோ மேத்யூஸுக்கு எதிராக ஷகீப் முறையிட்டபோதும், திரும்பப் பெறுகிறீரா என்று நடுவர் கேட்டார். ஷகீப் பெறவில்லை. சர்வதேச ஆட்டத்தில் காலதாமதத்தால் ஆட்டமிழந்த முதல் மனிதரானார் மேத்யூஸ். வினாவுக்கு விடையாக வினாவையே திருப்புவதற்கு நன்னூலில் பெயர் உண்டு: வினா எதிர் வினாதல். நடுவர் கையில் இருப்பவற்றுள் அதுவே மிக உயர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையாகவே கேட்கிறாயா என்று அந்தத் தொப்பிக்காரர் நம்மை வாய்விட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று பலமுறை யோசித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருவதில்லை.

இக்காலத்து கீப்பர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2008இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்டில் மறுபரிசீலனை முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று எங்கும் பரவிவிட்டது. நடுவர் மறுத்தால் பதினைந்து நொடிகளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தவறினால் ஒரு வாய்ப்பு போய்விடும். அந்தப் பதினைந்து நொடிகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பது நமக்கு மிகவும் பிடித்த காட்சி. தொண்டை கிழியக் கத்தி முடித்த பிறகு தலைவர் கீப்பரிடம் ஓடிவந்து, பட்டதா என்று தணிந்த குரலில் கேட்கிறார். கீப்பர் உதட்டைப் பிதுக்குகிறார். இல்லை என்று தலையசைக்கிறார். ஒரு நிமிடம் முன்பு உறுமிய அதே மனிதர்! வாய்ப்பு ஒன்று செலவாகும் என்றதும் ஏவல் வினா ஐய வினாவாகிவிடுகிறது. நேர்மை கூடிவிட்டது என்று இதைக் கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. விலை வைத்ததும் பொய் குறைந்தது, அவ்வளவே. ஆனாலும் குறைந்திருக்கிறது; அதை மறுப்பானேன்.

கல்லூரித் திடல்களில் இதெல்லாம் கிடையாது. சென்ற பிப்ரவரியில் மாணவியருக்கான துறைகளிடைப் போட்டி நடந்தது. உடற்கல்வி இயக்குநருக்கு வேறு பணி. நடுவராக நிற்க நம்மை அழைத்தார்கள். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர் ஆட்டம். வகுப்பில் கேள்வி கேட்ட மாணவரும் வேலிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வகுப்பிலேயே 'ஏவல் வினா' என்று சொல்லி முடித்துவிட்டிருந்தோம், குறித்துக்கொண்டார்.

கடைசி ஓவர். எங்கள் துறையின் முதலாமாண்டு மாணவி ஒருவர் வீசினார். எதிரணிப் பெண் இரண்டாவது ஓட்டத்துக்குத் துணிந்து நாம் நின்ற முனைக்கு ஓடிவந்தார். பந்து வந்தது; வீசியவரே பிடித்துக் குச்சிகளைத் தட்டினார். பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும் என்ற நடுவர் பாலபாடம் நமக்கு மறந்துவிட்டிருந்தது. அவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது. அவர் கத்தவில்லை, 'ஹவ்சாட்' என்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்க நம் பக்கம் திரும்பி, "ஐயா, அவுட்டாங்க ஐயா?" என்றார். நன்னூல் வகுப்பில் எடுத்துக்காட்டாக எழுதிப் போடலாம். அத்தனை தூய அறியா வினா.

"நாட் அவுட்" என்றோம். தேவைக்கு மேல் உரக்கவே சொன்னோம். ஐயத்தின் பலன் மட்டையாளருக்கு என்பது மரபு. ஆகவே முடிவில் பிழையில்லை. எங்கள் துறை இரண்டு ஓட்டங்களில் தோற்றது.

மரத்தடியில் தேநீரும் வடையும் கொடுத்தார்கள். அந்த மாணவி ஒரு குவளையுடன் வந்து நின்றார்.

"ஐயா, அது நெஜமாவே நாட் அவுட்டா?"

நாம் சற்று நேரம் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தோம். பிறகு, "தெரியலம்மா. நீ குறுக்க நின்னுட்ட, மறைச்சிடுச்சு" என்றோம்.

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல ஐயா."

கோபம் ஒன்றும் இல்லை. குவளையை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த திடலில் நடந்துபோய், மூன்று மூன்றாகக் குச்சிகளைப் பிடுங்கிச் சாக்கில் போடத் தொடங்கினார்.